ஸ்டெல்லா போனது மாடிக்குத்தான்

பழையரீல்:
வீட்டை விட்டு வெளியேறும் பெண்களைப் பற்றிய படங்கள் இழையில் நிலாமுற்றம் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அங்கேயே பதில் போட்டால் தலைப்பு மாறுகிறது என்று அழித்துவிடுவார்கள், அதனால் தனி இழை. அவர் எழுதியது இது: 'எ ஸ்ட்ரீட்கார் நேம்டு டிசையர்' (1951) படத்தின் முடிவில் ஸ்டெல்லா கைக்குழந்தையோடு கணவன் ஸ்டான்லியை விட்டுப் போய்விடுகிறாள், அந்தக் காலத்து ஹாலிவுட்டுக்கு அது பெரிய துணிச்சல்.

எங்கே போகிறாள்? மாடிக்குப் போகிறாள். அதே கட்டடத்தின் மேல் வீடு, யூனிஸ் குடியிருக்கிற வீடு.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியூ ஆர்லியன்ஸில் ஓர் இடிந்த குடியிருப்பு. கீழ் வீட்டில் ஸ்டான்லி, ஸ்டெல்லா. ஸ்டெல்லாவின் அக்கா பிளான்ஷ், மிசிசிப்பியில் இருந்த பரம்பரைத் தோட்டம் கடனில் போன பிறகு, ஒரு பெட்டியோடு வந்து இறங்குகிறாள். இல்லாத பணக்கார நண்பர்கள், குறைத்துச் சொன்ன வயது, மறைத்து வைத்த பழைய கதைகள் என்று அவள் கட்டிக்கொண்ட மாயையை ஸ்டான்லி ஒவ்வொன்றாகக் கிழிக்கிறான். கடைசியில் ஸ்டெல்லா பிரசவத்துக்கு மருத்துவமனையில் இருக்கும் இரவில் அக்காவைச் சீரழிக்கிறான். அவள் புத்தி கலங்கிப்போக, மருத்துவர் வந்து அழைத்துப் போகிறார். ஸ்டெல்லா குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறாள். படம் முடிந்தது.

இதே ஸ்டெல்லா படத்தின் பாதியில் அடி வாங்கிக்கொண்டு இதே மாடிக்குத்தான் ஓடினாள். அவன் கீழே நின்று கத்தியதும் இறங்கி வந்தாள். அதற்குப் பெயர் வெளியேற்றமா?

நிலாமுற்றம்:
வணக்கம் ஐயா. என் பெயருக்குத் தனி இழை திறந்த பெருமையை எனக்குக் கொடுத்ததற்கு நன்றி. படம் என்ன காட்டுகிறதோ அதைத்தான் நான் எழுதினேன். அக்காவை ஏற்றிக்கொண்டு வண்டி போனதும் ஸ்டான்லி கிட்டே வருகிறான், என்னைத் தொடாதே, இனி எப்போதும் தொடாதே என்கிறாள். அப்புறம் குழந்தையைப் பார்த்து, இனி அந்த வீட்டுக்குள் போகவே மாட்டேன் என்கிறாள். அவன் பெயர் சொல்லிக் கத்துகிறான், திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறுகிறாள். இதற்கு மேல் ஒரு இயக்குநர் எப்படிச் சொல்வார், ரயில் டிக்கெட்டை நெருக்கத்தில் காட்ட வேண்டுமா?

பழையரீல்:
ஆமாம், ரயில் டிக்கெட்டைக் காட்டியிருந்தால் நம்பியிருப்பேன். பிளான்ஷுக்குப் பிறந்தநாள் பரிசாக ஸ்டான்லி பேருந்து டிக்கெட்டை நீட்டுவதைக் காட்டத் தெரிந்த இயக்குநர்தானே எலியா கசான்? ஒருத்தி ஊரை விட்டுப் போக வேண்டும் என்றால் எப்படிக் காட்டுவது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். காட்டவில்லை. மாடியைக் காட்டினார்.

தெருவிளக்கு:
அண்ணே, ஸ்டான்லியாக நடித்த மார்லன் பிராண்டோவைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை எழுதாமல் படிக்கட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த வியர்வை ஊறிய டி-சர்ட்டுக்கு முன்னால் நடிப்பு வேறு, பின்னால் நடிப்பு வேறு. நான்கு பேருக்கு நடிப்புப் பரிந்துரை, மூன்று பேருக்கு ஆஸ்கர், பிளான்ஷாக நடித்த விவியன் லீ, ஸ்டெல்லாவாக நடித்த கிம் ஹண்டர், ஸ்டான்லியின் நண்பன் மிட்சாக நடித்த கார்ல் மால்டன். படத்தைத் தோளில் தூக்கிய ஆளுக்கு மட்டும் இல்லை. 'தி ஆப்பிரிக்கன் குயின்' படத்துக்காக ஹம்ப்ரி போகார்ட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். இதைப் பேசுங்கள், இதுதான் அநியாயம்.

பழையரீல்:
தம்பி, போகார்ட்டுக்குக் கொடுத்ததில் எனக்கு வருத்தமே இல்லை, அதை வேறு இழையில் வைத்துக்கொள்வோம். இங்கே கேள்வி ஒன்றுதான். போனாளா இல்லையா.

மிளகாய்வத்தல்:
முதலில் விட்டுப் போவது என்றால் என்ன என்று இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாருங்கள். ஊரை விட்டா, வீட்டை விட்டா, ஆளை விட்டா, மனசில் விட்டாலே போதுமா? அதைச் சொல்லாமல் நூறு பதில் போட்டாலும் அரைத்த மாவுதான்.

நிலாமுற்றம்:
அதெல்லாம் தேவையில்லை, விட்டுப் போனாள் என்பது தெளிவாகத் தெரிகிறது.

பழையரீல்:
தேவையே இல்லை. போகவில்லை என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

கொல்லிமலை:
இரண்டு பேருமே நாடகத்தைப் படிக்கவில்லை என்று தெரிகிறது. பழையரீல் படிக்காததில் எனக்கு ஆச்சரியம் இல்லை, 'டோக்கியோ ஸ்டோரி' இழையில் ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் கேமரா ஏன் தாழ்வாக இருக்கிறது என்று அவர் கொடுத்த விளக்கத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

1947 டிசம்பரில் நியூயார்க்கில் அரங்கேறி அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு வாங்கிய நாடகம். டென்னசி வில்லியம்ஸ் எழுதியது, மேடையிலும் கசான்தான் இயக்கினார். அந்த நாடகத்தின் முடிவில் ஸ்டெல்லா எங்குமே போவதில்லை. யூனிஸ் குழந்தையைக் கையில் கொடுக்கிறாள், ஸ்டெல்லா தேம்பித் தேம்பி அழுகிறாள், ஸ்டான்லி பக்கத்தில் மண்டியிட்டுச் சமாதானம் செய்கிறான், அவன் விரல்கள் அவள் ரவிக்கையைத் தேடுகின்றன. உள்ளே சீட்டாட்டம் தொடர்கிறது. அவ்வளவுதான். அக்கா சொன்னதை நம்பினால் ஸ்டான்லியோடு வாழ முடியாது, அதனால் நம்பவில்லை என்று யூனிஸிடம் அவளே சொல்கிறாள். எனக்குத் தெரிந்து அதைவிடப் பெரிய மாயை அந்தக் கதையில் கிடையாது. பிளான்ஷுடைய பொய்கள் எல்லாம் அதற்கு முன்னால் சாதாரணம்.

படத்துக்கு வரும்போது தணிக்கை விதிகளைக் காவல் காத்த ஜோசப் பிரீனின் அலுவலகம் குறுக்கே நின்றது. பலாத்காரக் காட்சியையே எடுக்கச் சொன்னார்கள். அது இல்லாமல் கதையே இல்லை என்று வில்லியம்ஸும் கசானும் பிடிவாதமாக நின்றார்கள். சரி, வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் செய்தவனுக்குத் தண்டனை வேண்டும் என்று பேரம் முடிந்தது. தண்டனை என்னவென்றால் மனைவியின் அன்பை அவன் இழப்பது. அப்படி வந்ததுதான் உங்கள் மாடிப்படி. ஸ்டெல்லா போகவில்லை ஐயா, பிரீன் அனுப்பி வைத்தார்.

பழையரீல்:
நாடகத்தைப் படித்தவர் இந்த ஊரில் நீங்கள் ஒருவர்தான் என்ற நினைப்பு எப்போது போகுமோ. நீங்கள் இவ்வளவு நீளமாக எழுதியதன் சாரம் என்ன? நான் முதலில் சொன்னதுதான். பிரீன் அனுப்பினார் என்றே வைத்துக்கொள்வோம், எதுவரை அனுப்பினார்? மாடி வரை. வில்லியம்ஸும் கசானும் அவருக்குக் கொடுத்தது ஒரு மாடி, அவ்வளவுதான், ஒரு படி கூடக் கொடுக்கவில்லை. பிரீன் வாசல் வரை கேட்டிருந்தால் வாசல் வரை கொடுத்திருப்பார்கள். அவருக்கு மாடியே போதுமானதாக இருந்தது, நிலாமுற்றத்துக்கும் போதுமானதாக இருக்கிறது.

நிலாமுற்றம்:
என்னைத் தணிக்கை அதிகாரியோடு சேர்த்துவிட்டீர்கள், நல்லது. நான் ஒன்று கேட்கிறேன். ஒரு காட்சி எதற்காக எடுக்கப்பட்டது என்பதை வைத்தா அந்தக் காட்சியை மதிப்பிடுவது? தணிக்கைக்குப் பயந்து வைத்த முடிவாகவே இருக்கட்டும். கிம் ஹண்டரின் முகத்தைப் பாருங்கள். மேடையில் அத்தனை இரவுகள் அந்த ஆளிடமே திரும்பிப் போய் நின்ற நடிகை, படத்தில் முதன்முறையாக அவனை உதறுகிறார். அந்த முகம் பிரீன் எழுதிக் கொடுத்த முகமா?

அப்புறம் மாடி மாடி என்று ஏளனம் செய்கிறீர்களே, அவள் வேறு எங்கே போவாள்? பிறந்த வீடு கடனில் போய்விட்டது, அப்பா அம்மா செத்துப்போனார்கள், இருக்கிற ஒரே அக்காவை மனநல மருத்துவமனைக்கு வண்டியேற்றியாகிவிட்டது. கையில் பச்சைக் குழந்தை, சம்பாத்தியம் கிடையாது. புருஷன் கையை ஓங்கும் வீட்டிலிருந்து எந்தப் பெண்ணும் நேராக ரயில் நிலையத்துக்குப் போவதில்லை ஐயா. முதலில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவாள். அடுத்ததை அப்புறம்தான் யோசிப்பாள். இதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து படம் மட்டும் பார்த்தவர்களுக்குப் புரியாது.

பழையரீல்:
போக இடமில்லை என்கிறீர்கள். போக இடமில்லை, அதனால் போகவில்லை. இதையே நானும் சொல்கிறேன், நீங்கள் மட்டும் ஏன் கோபமாகச் சொல்கிறீர்கள்?

நிலாமுற்றம்:
நான் அதைச் சொல்லவே இல்லை.

கொல்லிமலை:
மாடி வீட்டை ஏதோ சரணாலயம் போல நிலாமுற்றம் எழுதுகிறார். நாடகத்தைப் படித்தால் தெரியும். மாடியில் யூனிஸும் அவள் கணவன் ஸ்டீவும் போடுகிற சண்டை கீழ் வீட்டுச் சண்டைக்குக் கொஞ்சமும் இளைத்ததல்ல. பாத்திரம் பறக்கிறது, அடிக்கிறான், போலீஸைக் கூப்பிடுகிறேன் என்று ஓடுகிறாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் தோளைக் கட்டிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். ஸ்டெல்லா ஏறிப்போகும் வீடு அது. கீழ் வீடு பத்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று பார்க்க மாடிக்குப் போனால் போதும்.

தெருவிளக்கு:
இது நல்ல பாயிண்ட் கொல்லிமலை அண்ணே. யோசிக்கவே இல்லை.

பழையரீல்:
நல்ல பாயிண்ட்தான், ஏனென்றால் அது என் பாயிண்ட். நான் முதல் பதிவில் யூனிஸ் வீடு என்று குறிப்பிட்டு எழுதியிருக்கிறேன், மேலே போய்ப் பாருங்கள்.

கொல்லிமலை:
யூனிஸ் வீடு என்று எழுதினீர்கள். யூனிஸ் யார் என்று எழுதவில்லை, ஏனென்றால் தெரியாது.

நிலாமுற்றம்:
இன்னொரு விஷயம் இரண்டு பேரும் வசதியாக மறந்துவிட்டீர்கள். பாதியில் ஸ்டெல்லா மாடியிலிருந்து இறங்கி வரும் காட்சியை வைத்துத்தானே இந்த வாதம் எல்லாம்? அந்த இறக்கத்தை 1951இல் தியேட்டருக்குப் போனவர்கள் நீங்கள் பார்ப்பது போலப் பார்க்கவில்லை. பிரீன் அனுமதித்த பிறகும் கத்தோலிக்க அமைப்பான லீஜன் ஆஃப் டீசன்ஸி, படத்தைக் கண்டிக்கப்பட்ட பட்டியலில் சேர்ப்போம் என்று மிரட்டியது. வார்னர் நிறுவனம் பயந்துபோய், கசானைக் கேட்காமலே சில நிமிடங்களை வெட்டியது. வெட்டுப்பட்டதில் ஸ்டெல்லா இறங்கி வரும்போது அவள் முகத்தின் நெருக்கக் காட்சிகளும் உண்டு. அலெக்ஸ் நார்த் அந்த இடத்துக்குப் போட்ட ஜாஸ் இசை உடம்பைத் தூண்டுகிறது என்று அதையும் மாற்றினார்கள். கசான் கொதித்துப்போய் நியூயார்க் டைம்ஸில் கட்டுரையே எழுதினார். அந்தத் துண்டுகள் திரும்பச் சேர்ந்து படம் வெளிவந்தது 1993இல். ஆக, நாற்பது வருடமாக உலகம் பார்த்த படத்தில் அவள் இறங்குவது மங்கலாகத்தான் இருந்தது, ஏறுவதுதான் அழுத்தமாக இருந்தது. நீங்கள் 1993 பிரதியைப் பார்த்துவிட்டு 1951இன் முடிவைப் பற்றித் தீர்ப்பு சொல்கிறீர்கள்.

பழையரீல்:
இவ்வளவும் சரி. 1951 பிரதியில் இறங்கினாளா இல்லையா?

நிலாமுற்றம்:
இறங்கினாள், ஆனால்

பழையரீல்:
போதும். இறங்கினாள். நெருக்கக் காட்சி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. ஒரு முறை இறங்கியவள்.

நிலாமுற்றம்:
பாதி வாக்கியத்தில் பதிவாகிவிட்டது, அதற்குள் பாய்ந்துவிட்டார் பெரியவர். நான் சொல்ல வந்தது, முதல் முறை அவன் அவளை அடிக்க மட்டும்தான் செய்தான். இரண்டாம் முறை அவள் அக்காவையே அவன் அழித்துவிட்டான். இரண்டும் ஒரே ஏற்றமா?

பழையரீல்:
ஒரே படிக்கட்டு.

ஆற்றங்கரை:
மன்னிக்கவும், நடுவில் வருகிறேன். இது பிளான்ஷின் படம் என்பதை இங்கே எல்லாரும் மறந்தே போனது வருத்தமாக இருக்கிறது. ரயில் புகைக்குள்ளிருந்து அவள் வெளிப்படும் அந்த முதல் காட்சியிலிருந்தே பாருங்கள், வெளிச்சத்துக்குப் பயந்துகொண்டே இருக்கிறாள். வந்த வீட்டில் வெறும் பல்பை மூடுவதற்குக் காகித விளக்குக்கூடு வாங்கி மிட்சை மாட்டச் சொல்கிறாள். மிட்ச் கல்யாணம் பேசும் அளவுக்கு நெருங்கி வந்தவன், ஊர்க்கதையைக் கேட்டுவிட்டு வந்து அந்தக் கூட்டைக் கிழித்து அவள் முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறானே, அங்கேயே அவள் முடிந்துவிட்டாள். எனக்கு உண்மை வேண்டாம், மாயம்தான் வேண்டும் என்று அவள் கதறும் இடத்தில் விவியன் லீ வைத்திருக்கும் குரலை வேறு எந்தப் படத்திலும் நான் கேட்டதில்லை. கசான் இன்னொன்றும் செய்தார். கதை போகப்போக அந்த வீட்டு செட்டின் சுவர்களை உள்ளே தள்ளிக்கொண்டே வந்தார், வீடு மெல்லச் சுருங்கியது. பார்க்கும்போது தெரியாது, மூச்சு முட்டுவது மட்டும் தெரியும். ரிச்சர்ட் டேயின் கலை இயக்கத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது சும்மா இல்லை.

அவளுடைய இளவயதுக் கணவன் ஏன் செத்தான் என்பதையும் தணிக்கை விட்டுவைக்கவில்லை. நாடகத்தில் அவன் இன்னொரு ஆணோடு இருந்ததைப் பார்த்துவிடுகிறாள். படத்தில் அவன் ஏதோ மென்மையானவன், கவிதை எழுதுகிறவன் என்று மழுப்பியிருக்கிறார்கள். அவள் வாழ்க்கை முழுவதும் சுமந்த குற்ற உணர்வின் வேரையே பிடுங்கிவிட்டார்கள், அதைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. கடைசியில் தெரியாத மருத்துவரின் கையைப் பிடித்துக்கொண்டு, முன்பின் அறியாதவர்களின் அன்பை நம்பித்தான் எப்போதும் வாழ்ந்தேன் என்று சொல்லிவிட்டு ராணி மாதிரி நடந்து போகிறாள். அதற்குப் பிறகு தங்கை எந்த மாடிக்குப் போனால் என்ன?

பழையரீல்:
அழகாக எழுதியிருக்கிறீர்கள். சுவர் சுருங்கிய விஷயம் எனக்கும் பிடித்தது. ஆனால் பாருங்கள், நீங்களே மாடி என்று ஒத்துக்கொண்டீர்கள்.

ஆற்றங்கரை:
நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. இவ்வளவு எழுதியும் உங்கள் கண்ணில் பட்டது அந்த ஒரு சொல்தானா?

தெருவிளக்கு:
ஆற்றங்கரை அக்கா, நல்ல பதிவு, ஆனால் விவியன் லீ இந்தப் படத்தில் ஓவர். மற்ற மூன்று பேரும் பிராட்வே மேடையில் ஒன்றாக நடித்துப் பழகியவர்கள், புது மாதிரி நடிப்பு. இவர் மட்டும் லண்டனிலிருந்து வந்தவர், அங்கே 1949இல் புருஷன் லாரன்ஸ் ஒலிவியே இயக்கத்தில் பிளான்ஷாக நடித்தவர். பிராட்வேயில் பிளான்ஷாக நடித்த ஜெசிகா டேண்டியையே போட்டிருக்க வேண்டும். டிக்கெட் விற்க ஒரு நட்சத்திரம் வேண்டும் என்று 'கான் வித் தி விண்ட்' நாயகியைப் பிடித்தார்கள்.

ஆற்றங்கரை:
ஓவர் என்பதுதான் தம்பி அந்தப் பாத்திரமே. வீட்டில் எல்லாரும் இயல்பாகப் பேசும்போது ஒருத்தி மட்டும் நாடகம் போல நடித்துக்கொண்டிருக்கிறாள். வேறு பள்ளியில் படித்த நடிகையைக் கொண்டுவந்து நிறுத்தினால் அந்த வித்தியாசம் தானாக வந்துவிடுகிறது. டேண்டி நடித்திருந்தால் நான்கு பேரும் ஒரே குடும்பம் போல இருந்திருப்பார்கள், படம் செத்திருக்கும்.

கொல்லிமலை:
டேண்டியின் மேடை நடிப்பை உங்களில் யார் பார்த்தீர்கள்? பார்க்காமல் செத்திருக்கும் என்பது என்ன பேச்சு?

ஆற்றங்கரை:
நீங்கள் பார்த்தீர்களா?

கொல்லிமலை:
நான் அவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே.

மிளகாய்வத்தல்:
நாடகத்தைப் படித்தவர் ஒருத்தர், பார்த்தவர் யாரும் இல்லை, பிராண்டோவின் டி-சர்ட்டைப் பார்த்தவர் ஒருத்தர், மாடிப்படியைப் பார்த்தவர் ஒருத்தர். படத்தை யாராவது முழுதாகப் பார்த்திருந்தால் கையைத் தூக்குங்கள்.

தெருவிளக்கு:
கசானைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறீர்கள். இந்தப் படம் வந்த மறு ஆண்டு, 1952 ஏப்ரலில், கம்யூனிஸ்டுகளைத் தேடி விசாரித்த அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் போய் பழைய தோழர்களின் பெயர்களைச் சொல்லிக் காட்டிக்கொடுத்தவர் அவர். கிம் ஹண்டர் அந்தக் காலத்தில் கறுப்புப் பட்டியலில் மாட்டி வேலையில்லாமல் தவித்தார். ஆஸ்கர் வாங்கிய நடிகை! இந்த ஆளைப் போய்ப் பெண்களுக்கு நியாயம் செய்தவர் என்று நிலாமுற்றம் அக்கா தூக்கிப் பிடிக்கிறார்.

நிலாமுற்றம்:
நான் எங்கே தூக்கிப் பிடித்தேன்? முடிவு துணிச்சலானது என்றேன். கசான் நல்லவர் என்று நான் எங்கேயாவது எழுதியிருந்தால் எடுத்துப் போடுங்கள்.

கொல்லிமலை:
தெருவிளக்கு, கிம் ஹண்டரைக் கசான் காட்டிக்கொடுத்தார் என்பது போல எழுதுகிறீர்கள். அவர் சொன்ன பெயர்களில் ஹண்டர் இல்லை. தெரியாமல் பரப்பாதீர்கள்.

தெருவிளக்கு:
அவர் பெயரைச் சொன்னதாக நான் எழுதவில்லை அண்ணே. இரண்டு வாக்கியம், நடுவில் முற்றுப்புள்ளி இருக்கிறது. 1999இல் கசானுக்குக் கௌரவ ஆஸ்கர் கொடுத்தபோது அரங்கில் பலர் எழுந்து நிற்காமல் உட்கார்ந்தே இருந்தார்கள், நிக் நோல்ட்டி, எட் ஹாரிஸ் எல்லாம். அவர்களுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லை.

கொல்லிமலை:
எழுந்து கைதட்டியவர்களும் இருந்தார்கள். முற்றுப்புள்ளிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கல்லெறிவது இந்தக் குழுவில் புதிதல்ல.

நெறியாளர்:
நண்பர்களே, இழை ஸ்டெல்லாவைப் பற்றியது. அரசியல் வேண்டாம். தனிப்பட்ட தாக்குதல் தொடர்ந்தால் பூட்ட வேண்டிவரும்.

பழையரீல்:
நெறியாளருக்கு நன்றி. இழை ஸ்டெல்லாவைப் பற்றியது என்பதை நான்தான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், யார் கேட்கிறார்கள். சரி, கசான் விஷயத்தில் என் கருத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள், கேட்காவிட்டாலும் சொல்வேன். இரண்டு பக்கமும் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிற ஆள் அவர். அதே புத்தி இந்த முடிவிலும் இருக்கிறது. தணிக்கைக்காரர்களுக்கு மனைவி கணவனை விட்டுப் போனாள் என்று கணக்குக் காட்டியாயிற்று. விவரம் தெரிந்தவர்களுக்கு அவள் போனது மாடிக்குத்தான், நாளைக்குக் காலையில் பால் வாங்க இறங்கி வருவாள் என்று கண்ணைக் காட்டியாயிற்று. யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. அந்தக் கடைசிக் காட்சியில் ஸ்டான்லி கத்துவதை வெளியிலிருந்து வரும் குரலாக மட்டும் வைத்திருக்கிறார், அவன் முகத்தைக் காட்டவில்லை. ஏன்? முகத்தைக் காட்டினால் அவன் பயப்படவே இல்லை என்பது தெரிந்துவிடும். முதல் முறை சட்டை கிழிந்து, நனைந்து, அழுதுகொண்டு கத்தினான். இந்த முறை ஏதோ சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடுகிறான். வருவாள் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அந்தக் கட்டடத்தில் குடியிருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

நிலாமுற்றம்:
முகத்தைக் காட்டவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள், காட்டாத முகத்தில் பயம் இல்லை என்றும் நீங்களே சொல்கிறீர்கள். இப்படி எழுத எனக்கு வராது ஐயா.

அவன் முகத்தைக் காட்டாததற்கு என் காரணம் வேறு. முதல் முறை கேமரா அவனோடு கீழே நின்றது, அவள் அவனை நோக்கி வந்தாள். கடைசியில் அவன் வெறும் சத்தம்தான், கேமரா அவளோடு இருக்கிறது. அதுவரை கேமராவையே தன் பக்கம் வைத்திருந்தவனிடமிருந்து அவள் அதைப் பிடுங்கிவிடுகிறாள். எத்தனை படி ஏறினாள் என்பதை விட எனக்கு அது முக்கியம்.

தெருவிளக்கு:
அக்கா, இது செம பதிவு.

பழையரீல்:
தம்பி கொல்லிமலைக்கும் நல்ல பாயிண்ட் என்றார், இப்போது எதிர்க்கட்சிக்கும் செம என்கிறார். நல்ல பிழைப்பு.

தெருவிளக்கு:
நல்லதை நல்லது என்று சொல்வதற்கும் உங்களிடம் அனுமதி வாங்க வேண்டுமா அண்ணே? முதல் பதிவிலிருந்து பார்க்கிறேன், இந்த இழையில் பாதிக்கு மேல் உங்கள் பதிவுதான்.

பழையரீல்:
இழை நான் திறந்தது.

ஆற்றங்கரை:
ஒரே ஒரு தகவல் சொல்லிவிட்டுப் போகிறேன். 'ஆல் அபௌட் மை மதர்' (1999) படத்தில் ஸ்பானிய இயக்குநர் அல்மோதோவார் இந்த நாடகத்தை மேடையேற்றிக் காட்டுவார். அங்கே ஸ்டெல்லா குழந்தையோடு, இந்த வீட்டுக்குத் திரும்பவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே போகிறாள். வில்லியம்ஸின் நாடக முடிவை விட்டுவிட்டுப் படத்தின் முடிவையே அவர் எடுத்துக்கொண்டார். அரை நூற்றாண்டு கழித்து ஒரு பெரிய இயக்குநர் அதை நம்பியிருக்கிறார்.

நிலாமுற்றம்:
மிக்க நன்றி ஆற்றங்கரை. பெரியவர் இதற்கு என்ன சொல்கிறார்?

பழையரீல்:
மேடையில் மாடி இருந்ததா?

ஆற்றங்கரை:
என்னை விட்டுவிடுங்கள்.

கொல்லிமலை:
பழையரீலுக்கு ஒரு கேள்வி, நேராகப் பதில் சொல்லட்டும். தணிக்கைக்காக வைத்த முடிவு, அதனால் அது பொய் என்கிறீர்கள். அதே தணிக்கைதான் பிளான்ஷின் கணவனின் கதையையும் மாற்றியது. அதையும் பொய் என்று தள்ளிவிட்டு நாடகத்தில் உள்ளதை எடுத்துக்கொள்வீர்களா? அப்படியென்றால் நீங்கள் பார்ப்பது படத்தை இல்லை, நாடகத்தை. எங்கே படம், எங்கே நாடகம் என்று உங்கள் வசதிப்படி மாறுகிறீர்கள்.

பழையரீல்:
நாடகத்தை முதலில் இங்கே இழுத்து வந்தவர் நீங்கள். நான் படத்தில் இருக்கிற ஒரு மாடியைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன். வேண்டுமானால் அடுத்த பதிவில் படம் பிடித்துப் போடுகிறேன், அம்புக்குறி போட்டு.

மிளகாய்வத்தல்:
இன்னும் ஒருத்தரும் நான் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

நிலாமுற்றம்:
அம்புக்குறி போட்டே போடுங்கள் ஐயா. குழந்தை அவள் கையில் இருப்பதையும் வட்டம் போட்டுக் காட்டுங்கள்.

தெருவிளக்கு:
எனக்கு ஒரு சந்தேகம். ஓடிடியில் தேடினால் 122 நிமிடம் என்று ஒன்று வருகிறது, 125 நிமிடம் என்று இன்னொன்று வருகிறது. எதைப் பார்ப்பது?

பழையரீல்:
125. வெட்டியதைத் திரும்பச் சேர்த்த பிரதி அதுதான். இறங்கி வரும் காட்சியை ஹெட்போன் போட்டுக்கொண்டு பார், நார்த்தின் அசல் இசை இருக்கும். கடைசிக் காட்சி வந்ததும் நிறுத்திவிட்டு, எந்தத் திசையில் போகிறாள் என்று இங்கே வந்து எழுது.

நிலாமுற்றம்:
தம்பி, 122ஐயும் பார்த்துவிடு. அவர் சொல்கிறார் என்பதற்காக ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வராதே.

கொல்லிமலை:
இரண்டையும் விட்டுவிட்டு நாடகத்தைப் படி.